ஐரோப்பாவில் உயர்கல்விக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கட்டணம், நிதி, சீர்திருத்தம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளையை அனுப்ப யோசிக்கும் பெற்றோர், முதுநிலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள், அங்கேயே குடியேறிவிட்ட உறவினர்கள், நம் ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள் எனப் பலரும் கேட்டவை இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஐரோப்பா முழுக்க காலேஜ் படிப்பு ஃப்ரீதானே?

இல்லை. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, நார்வே ஆகிய நாடுகளின் அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியிலும் பொதுவாக அப்படித்தான். போலந்தில் அரசுப் பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகப் படித்தால் இலவசம்; பகுதிநேரம் என்றால் கட்டணம் உண்டு. செக் நாட்டில் செக் மொழியில் படித்தால் இலவசம், ஆங்கிலத்தில் படித்தால் பணம். பிரான்சில் இளநிலைக்கு 2025-26இல் ஆண்டுக்கு 178 யூரோ. நெதர்லாந்தில் அதே ஆண்டு 2,601 யூரோ. இத்தாலியில் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 2025-26இல் 9,535 பவுண்டு வரை.

'இலவசம்' என்பதற்கு மாணவர் பணம் கட்டுவதில்லை என்பது மட்டும்தான் பொருள். பேராசிரியர் சம்பளமும் ஆய்வகச் செலவும் எங்கும் குறைவதில்லை. அதை வரி கட்டுபவர் இன்றே கட்டுகிறாரா, மாணவர் வேலைக்குப் போனபின் கட்டுகிறாரா, வெளிநாட்டு மாணவரின் அப்பா கட்டுகிறாரா என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

2. பொலோனியா ஒப்பந்தம் வந்ததும் எல்லா நாட்டு முறையும் ஒன்றாகிவிட்டது என்று சொன்னார்களே?

படிப்பின் அமைப்பு ஓரளவு ஒன்றானது. 1999 ஜூன் 19 அன்று இத்தாலியின் பொலோனியா நகரில் 29 நாடுகள் கையெழுத்திட்ட பிரகடனம் அது. அதன் பயனாக இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் என்ற மூன்று படிகள் பரவலாயின. ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் என்ற கணக்கும் நிலைத்தது. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஜெர்மனியில் ஐந்தாண்டு போல நீண்ட பழைய 'டிப்ளோம்' பட்டம் பெரும்பாலான துறைகளில் இளநிலை, முதுநிலை என இரண்டாகப் பிரிந்தது இப்படித்தான்.

ஆனால் பணத்தை பொலோனியா தொடவே இல்லை. உயர்கல்விக்கு எவ்வளவு செலவிடுவது, யாரிடம் கட்டணம் வாங்குவது என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் முடிவு. ஜெர்மனியில் அது 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதனால்தான் கிரெடிட் ஒன்றாக இருந்தும் விலை ஒன்றாக இல்லை.

3. 'நவீனமயமாக்கல்' என்கிறார்களே, புதுக் கட்டடம் கட்டுவதா, கம்ப்யூட்டர் வாங்குவதா?

இரண்டும் இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2006 மே மாதம் பல்கலைக்கழகங்களுக்கான நவீனமயமாக்கல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. தன்னாட்சி, நிர்வாக மாற்றம், நிதி ஆகியவை அதன் மையம். ஒவ்வொரு நாடும் உயர்கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாவது செலவிட வேண்டும் என்ற இலக்கும் அதில் இருந்தது. பெரும்பாலான நாடுகள் அந்த எண்ணை இன்றுவரை எட்டவில்லை.

பழைய முறையை நம் அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். எத்தனை பணியிடம், எவ்வளவு சம்பளம், எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு பணம் என்று எல்லாவற்றையும் அமைச்சகமே தீர்மானிக்கும். நாற்காலிக்கு வந்த பணத்தில் ஆசிரியரை நியமிக்க முடியாது. ஆண்டு முடிவில் மிச்சம் இருந்தால் அது கருவூலத்துக்கே திரும்பும். இதை மாற்றி மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து 'நீங்களே செலவழியுங்கள், விளைவுக்குப் பதில் சொல்லுங்கள்' என்பதுதான் இந்தச் சீர்திருத்தங்களின் சாரம். ஆஸ்திரியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களைத் தனிச் சட்ட அமைப்புகளாக்கி, மூன்றாண்டுச் செயல்திறன் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தது. டென்மார்க்கில் 2003 சட்டத்துக்குப் பிறகு, வெளியாட்கள் பெரும்பான்மையாக உள்ள வாரியம்தான் பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரை நியமிக்கிறது. அதற்கு முன் ரெக்டர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். பின்லாந்தில் 2010 முதல் பல்கலைக்கழகங்கள் அரசுத் துறையின் அங்கமாக இல்லை. அதே ஆண்டில் ஹெல்சிங்கியின் தொழில்நுட்பம், வணிகம், கலை சார்ந்த மூன்று கல்வி நிறுவனங்களை இணைத்து ஆல்டோ பல்கலைக்கழகம் உருவானது.

தன்னாட்சி என்ற சொல் இனிப்பாக இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. பிரான்ஸ் 2007 சட்டத்தின் மூலம் சம்பளப் பட்டியலைப் பல்கலைக்கழகங்களிடமே ஒப்படைத்தது. ஆசிரியர்களின் பணிமூப்பு ஏற ஏறச் சம்பளச் செலவும் ஏறியது. அரசு கொடுத்த தொகை அதற்கு ஈடாக ஏறவில்லை. பல பல்கலைக்கழகங்கள் பற்றாக்குறையில் விழுந்து, காலியான இடங்களை நிரப்பாமல் விட்டன. பொறுப்பு மட்டும் கைமாறி, பணம் கூடவே வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

4. மொத்தமாகக் கொடுக்கிறார்கள், சரி. எவ்வளவு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பல நாடுகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பின்லாந்தின் சூத்திரம் வெளிப்படையானது என்பதால் அதையே பார்க்கலாம். 2021 முதல் 2024 வரை பல்கலைக்கழகங்களுக்கான அடிப்படை நிதியில் 42 சதவீதம் கற்பித்தலுக்கு, 34 சதவீதம் ஆராய்ச்சிக்கு, 24 சதவீதம் கொள்கை நோக்கங்களுக்கு. கற்பித்தல் பங்குக்குள் முதுநிலைப் பட்டங்களின் எண்ணிக்கைக்கு மட்டும் 19, இளநிலைப் பட்டங்களுக்கு 11. அதாவது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் முடித்தார்கள் என்பதற்கே பணம்.

டென்மார்க் 1990களிலேயே 'டாக்சிமீட்டர்' என்ற முறையைக் கொண்டுவந்தது. மாணவர் தேர்வில் தேறினால்தான் அவருக்கான பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகும். தேறாவிட்டால் மீட்டர் ஓடாது. துறைக்குத் துறை அரசு தரும் தொகையின் வீதமும் மாறும். மொழி, வரலாறு போன்ற கலைத் துறைகளுக்குக் குறைவு, ஆய்வகம் தேவைப்படும் துறைகளுக்கு அதிகம். பிற்பாடு இதில் நிலையான அடிப்படைத் தொகை ஒன்றையும் சேர்த்தார்கள்.

இந்த முறை மாணவர்மேல் கவனம் வைக்கப் பல்கலைக்கழகத்தைத் தூண்டுகிறது, உண்மை. ஆனால் தேறினால்தான் பணம் என்றால் தேர்வை இளக்கிவிடும் ஆசையும் கூடவே வரும். மொழியியல், தொல்லியல் மாதிரி மாணவர் குறைவாக உள்ள துறைகள் முதலில் அடிவாங்கும். சூத்திரம் எழுதுபவர்கள் இதை மறந்தால் ஒரு தலைமுறையில் ஒரு துறையே காணாமல் போய்விடும்.

5. ஜெர்மனியில் நடுவில் கொஞ்ச நாள் ஃபீஸ் இருந்ததாமே?

இருந்தது. கட்டணத்துக்கு மத்திய அரசு விதித்திருந்த தடை செல்லாது என்று 2005 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி மாநிலங்களின் அதிகாரம் என்பது காரணம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் உள்ளிட்ட ஏழு மேற்கு மாநிலங்கள் ஒரு பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின. ஹெஸ்ஸன் மாநிலம் 2008இலேயே கைவிட்டது. பவேரியாவில் கட்டணத்தை ஒழிக்கக் கோரிய மக்கள் மனுவில் வாக்காளர்கள் போதிய எண்ணிக்கையில் கையெழுத்திட, 2013இல் அது போனது. கடைசியாக நீடெர்சாக்சன் 2014இல் விட்டது.

500 யூரோ இங்கிலாந்துக் கணக்கில் அற்பத் தொகை. ஆனால் ஜெர்மானியர்கள் அதைத் தொகையாகப் பார்க்கவில்லை, கொள்கையாகப் பார்த்தார்கள். மாநிலத் தேர்தல்களில் கட்சிகள் அதை ஒழிப்பதாக வாக்குறுதி கொடுத்தே வாக்குக் கேட்டன. ஒரு மக்கள் கூட்டம் கட்டணத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கு இது சாட்சி. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் நம்பிக்கை தரும் பகுதி இதுதான்.

6. அப்புறம் இங்கிலாந்தில் மட்டும் ஏன் இவ்வளவு ஏறிப்போச்சு?

படிப்படியாக ஏறியது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு. 2006இல் 3,000. 2012இல் ஒரே தாவலில் 9,000. 2017இல் 9,250. அதன்பின் எட்டு ஆண்டுகள் அசையாமல் நின்று, 2025இல் 9,535. 2012 தாவலின் பின்னணியில் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகான சிக்கன ஆட்சி இருந்தது. கற்பித்தலுக்கு அரசு நேரடியாகக் கொடுத்த மானியத்தின் பெரும்பகுதி வெட்டப்பட்டு, அதே பணம் மாணவர் கடனாக வேடம் மாறி வந்தது.

எட்டு ஆண்டுகள் உறைந்ததில்தான் பிரச்சினை முற்றியது. விலைவாசி ஏற ஏற அந்த 9,250இன் மதிப்பு கரைந்தது. அதை ஈடுகட்டப் பல்கலைக்கழகங்கள் உச்சவரம்பு இல்லாத வெளிநாட்டு மாணவர் கட்டணத்தின்மேல் சாய்ந்தன. 2024 ஜனவரி முதல் பாடவழி முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று விசா விதி இறுகியது. விண்ணப்பங்கள் குறைந்தன, பல இடங்களில் ஆட்குறைப்பும் துறை மூடலும் தொடர்கின்றன. லண்டனில் உட்கார்ந்து உள்நாட்டு மாணவருக்குக் கற்பிக்கும் செலவை, சென்னையிலோ லாகோசிலோ நிலத்தை விற்ற ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமான நிதிக்கொள்கை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

7. அந்தக் கடனைக் கட்டாவிட்டால் வீட்டை ஜப்தி பண்ணுவார்களா?

மாட்டார்கள். இது வங்கிக் கடன் மாதிரி நடக்காது. 2023 முதல் இங்கிலாந்தில் படிப்பைத் தொடங்கியவர்களுக்கான விதிப்படி, ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் மட்டும் 9 சதவீதம் பிடிப்பார்கள். ஒருவர் 30,000 சம்பாதித்தால் மிகுதி 5,000. அதில் 9 சதவீதம் 450, மாதத்துக்கு 37 பவுண்டு 50 பென்ஸ். சம்பளத்திலேயே வரியோடு சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். வேலை போனால் பிடித்தமும் நிற்கும்.

மிச்சக் கடன் 40 ஆண்டுகளில் தள்ளுபடி. 2012 முதல் 2022 வரை சேர்ந்தவர்களுக்கு இது 30 ஆண்டு. கேட்க வசதியாகத் தெரியும். ஆனால் 22 வயதில் தொடங்கி 62 வயது வரை ஓடும் ஒரு பிடித்தம் இது. நன்றாகச் சம்பாதிப்பவர் சீக்கிரம் அடைத்துவிடுவார். நடுத்தரச் சம்பளக்காரரான செவிலியரும் பள்ளி ஆசிரியருமே நீண்ட காலம் கட்டிக்கொண்டிருப்பார்கள். இது உள்நாட்டு மாணவருக்கான கடன். இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்குக் கிடைக்காது.

8. ஸ்காட்லாந்தும் அதே நாடுதானே, அங்கே ஏன் ஃபீஸ் இல்லை?

உயர்கல்வி அங்கே ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அதிகாரம். ஸ்காட்லாந்தில் வசிக்கும் மாணவர் அங்கேயே முதல் பட்டம் படித்தால் கட்டணத்தை அரசு கட்டுகிறது. அதே வகுப்பில் உட்காரும் இங்கிலாந்து மாணவர் கட்டியாக வேண்டும். உள்ளூர் மாணவருக்கு அரசு கொடுக்கும் தொகைக்கு ஓர் எல்லை இருப்பதால், அவர்களுக்கான இடங்களின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்த இரண்டாவது பகுதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

9. ஃபீஸ் இல்லையென்றால் ஏழைப் பிள்ளைகள் தானாகவே அதிகம் படிக்க வருவார்கள் அல்லவா?

கட்டணத்தை எடுப்பது முதல் படி மட்டும்தான். மியூனிக்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தவருக்குத் தெரியும், அங்கே கல்விக் கட்டணத்தைவிட வாடகைதான் மாணவரை விரட்டுகிறது. வீட்டில் பணம் இல்லாதவர் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் என்ன செய்வார் என்பதே உண்மையான கேள்வி.

டென்மார்க் இதை நேராகச் சந்திக்கிறது. பெற்றோரைவிட்டுத் தனியே வாழும் மாணவருக்கு மாதம் சுமார் 7,000 குரோனர், வரிக்கு முன், மானியமாகவே வருகிறது. திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஜெர்மனியில் 1971 முதல் 'பாஃபோக்' என்ற உதவி உண்டு. பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து மாதம் 992 யூரோ வரை. பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். கடன் எவ்வளவு ஆனாலும் 130 யூரோ வீதம் 77 தவணை, அதாவது 10,010 யூரோவுக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

நெதர்லாந்தின் கதைதான் வேதனையானது. எல்லா மாணவருக்கும் கிடைத்துவந்த அடிப்படை உதவித்தொகையை 2015இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு நிறுத்திக் கடன் முறைக்கு மாறினார்கள். மிச்சமாகும் பணம் கல்வித் தரத்துக்குப் போகும் என்றார்கள். கடன் ஏறியது, எதிர்ப்பும் ஏறியது, 2023 செப்டம்பரில் உதவித்தொகை திரும்ப வந்தது. இடையில் படித்தவர்களுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகை மட்டும். அவர்களை அங்கே 'அதிர்ஷ்டம் கெட்ட தலைமுறை' என்றே அழைக்கிறார்கள். ஒரு கொள்கைச் சோதனையின் விலையைச் சில ஆண்டு மாணவர்கள் மட்டும் சுமந்தார்கள்.

10. பிரான்சில் 178 யூரோதான் என்றால் அதுதானே எல்லாவற்றிலும் சிறந்தது?

மாணவர் கட்டும் தொகையைப் பார்த்தால் ஆம். 2019 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சாசன மன்றம், இலவசக் கல்வி என்ற கோட்பாடு அரசு உயர்கல்விக்கும் பொருந்தும், மிதமான கட்டணம் மட்டும் வாங்கலாம் என்று சொன்னது. அது அந்நாட்டு மாணவர்களுக்குப் பெரிய அரண்.

ஆனால் பிரான்சில் உயர்கல்வி இரண்டு அடுக்கு. ஒருபக்கம் பள்ளி முடித்த பெரும்பாலோரை ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள். மறுபக்கம் கடும் போட்டித் தேர்வு வழியே சேரும் 'கிராந்த் எகோல்' உயர்கல்விக் கூடங்களும் அவற்றுக்கு இரண்டு ஆண்டு தயார்செய்யும் வகுப்புகளும். அந்தத் தயாரிப்பு வகுப்பு மாணவர் ஒருவருக்கு அரசு செலவிடுவது பல்கலைக்கழக மாணவருக்குச் செலவிடுவதைவிடக் கணிசமாக அதிகம். அந்த வகுப்புகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகளே நிறைந்திருக்கிறார்கள். கட்டணம் குறைவு என்பதால் சமத்துவம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

11. வருமானத்துக்கு ஏற்ற மாதிரி ஃபீஸ் வாங்குவது நியாயமாகத் தோன்றுகிறதே, யாராவது செய்கிறார்களா?

இத்தாலி செய்கிறது. குடும்பத்தின் வருமானம், சொத்து, ஆட்களின் எண்ணிக்கை சேர்த்து 'இசே' என்ற ஒரு மதிப்பு கணக்கிடுவார்கள். அது 13,000 யூரோவுக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது என்று 2016 இறுதியில் சட்டம் வந்தது. 2021இல் அந்த வரம்பு 22,000 ஆனது. இதற்கு மேல் வருமானம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். வெளிநாட்டு மாணவரும் குடும்ப ஆவணங்களை மொழிபெயர்த்துச் சான்றளித்துக் கொடுத்தால் பல பல்கலைக்கழகங்களில் இதே கணக்குப் பொருந்தும். பிராந்திய அரசுகளின் உதவித்தொகைக்கும் அதே மதிப்புதான் அடிப்படை. சென்னையிலிருந்து போகிற பல பிள்ளைகள் இதை அறியாமலேயே முழுக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சேர்க்கைக் கடிதம் வந்தவுடனே இந்தக் காகிதங்களைத் தேட ஆரம்பிக்க வேண்டும். கடைசித் தேதி தவறினால் அந்த ஆண்டு போச்சு.

12. வெளிநாட்டு மாணவரிடம் மட்டும் தனியாக வாங்குவது எப்போது ஆரம்பித்தது?

ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியையும் சேராத மாணவர்களிடம் டென்மார்க் 2006 முதல் வாங்குகிறது. சுவீடன் 2011 இலையுதிர் காலம் முதல், பின்லாந்து 2017 முதல், நார்வே 2023 முதல். சுவீடனில் கட்டணம் வந்த ஆண்டே அப்படிப்பட்ட மாணவர்களின் வரவு செங்குத்தாகச் சரிந்தது, நார்வேயிலும் அதேதான். பிரான்ஸ் 2019இல் இளநிலைக்கு 2,770, முதுநிலைக்கு 3,770 யூரோ என்று அறிவித்தாலும், பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு விலக்குக் கொடுத்துப் பழைய கட்டணத்தையே வாங்கின. ஜெர்மனியில் பாடன்-வுர்ட்டம்பெர்க் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து 2,000 முதல் 6,000 வரை.

ஐரோப்பாவில் வளர்ந்த நம் பிள்ளைகள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிவு செய்வது பெயரோ தோலோ இல்லை. குடியுரிமை, குடியிருப்புத் தகுதி, எங்கே பள்ளி முடித்தார் என்பவையே. ஜெர்மனியிலேயே பள்ளி இறுதித் தேர்வு எழுதிய பிள்ளைக்கு பாடன்-வுர்ட்டம்பெர்க் கட்டணம் கிடையாது, கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையதாக இருந்தாலும். பிரான்சிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் லண்டனுக்கு இடம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரெக்சிட்டுக்குப் பின் 2021-22 கல்வியாண்டு முதல், ஐரோப்பியக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணம் கிடைக்காது. 2020 முடிவதற்குள் அங்கே குடியேறி அதற்கான குடியிருப்புத் தகுதியும் பெற்றிருப்பவர்களின் நிலை வேறு.

13. ஜெர்மனியில் இலவசம் என்றால் ஏன் பன்னிரண்டாயிரம் யூரோ காட்டச் சொல்கிறார்கள்?

அது கட்டணம் இல்லை. விசாவுக்காக முடக்கக் கணக்கில் போடும் 11,904 யூரோ உங்களுடைய பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே வரும். 9ஆம் பதிலில் சொன்ன பாஃபோக்கின் உச்சத் தொகையும் இதே 992தான் என்பதைக் கவனியுங்கள். ஒரு மாணவர் வாழ இவ்வளவு வேண்டும் என்ற ஒரே கணக்கிலிருந்து இரண்டும் வருகின்றன. பெரிய நகரங்களில் இது போதாது என்று அங்குள்ள மாணவர்களே சொல்கிறார்கள்.

14. தரவரிசையில் மேலே வரத்தான் இவ்வளவு சீர்திருத்தமும் என்கிறார்களே?

ஒரு பங்கு உண்மை. 2003இல் ஷாங்காய் தரவரிசை வெளியானபோது ஜெர்மனியும் பிரான்சும் அதிர்ந்துபோயின. ஜெர்மனி 'எல்லாப் பல்கலைக்கழகமும் சமம்' என்ற பழைய எண்ணத்தைத் தளர்த்தி, தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களுக்குக் கூடுதல் பணம் தரும் 'சிறப்பு முன்னெடுப்பை'த் தொடங்கியது. முதல் கட்டத்தில் 2006 முதல் 190 கோடி யூரோ. அதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது. பிரான்ஸ் சிதறிக் கிடந்த நிறுவனங்களை ஒன்றுசேர்த்தது. அப்படி உருவான பாரிஸ்-சக்லே 2020இல் அதே ஷாங்காய்ப் பட்டியலில் 14ஆம் இடத்துக்கு வந்தது.

என் கருத்தில் இணைப்பால் வரும் இடமும் கற்பித்தலால் வரும் தரமும் வேறு வேறு. முன்பு தனித்தனியாக எண்ணப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஒரே பெயரில் சேர்ந்தால் வரிசையில் ஏறலாம். முதலாண்டு மாணவரின் வகுப்பில் 300 பேர் உட்கார்ந்திருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

15. தன்னாட்சி கொடுத்தால் அரசியல் தலையீடு போய்விடும்தானே?

ஹங்கேரியைப் பாருங்கள். 2019இல் கோர்வினஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2021க்குள் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுநல அறக்கட்டளைகளின் கைக்குப் போயின. காகிதத்தில் அது தன்னாட்சி. அறங்காவலர் இருக்கைகளில் ஆளுங்கட்சி அரசியல்வாதிகளும் அமைச்சர்களும் அமர்ந்தார்கள். 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அறக்கட்டளைகளோடு புதிய நிதி ஒப்பந்தம் செய்வதை நிறுத்தியது. எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றமும் ஹொரைசன் ஆராய்ச்சி நிதியும் அதில் அடிபட்டன. தவறு செய்தது அரசு, இழந்தது மாணவர்.

அதனால் தன்னாட்சியை அளக்கும்போது வாரியத்தில் யார், எத்தனை ஆண்டுக்கு, அவர்களை யார் நீக்க முடியும் என்று கேட்க வேண்டும். 3ஆம் பதிலில் சொன்ன டென்மார்க் வாரியத்திலும் வெளியாட்கள்தான். ஆனால் அவர்களுக்குக் காலவரம்பு உண்டு. ஊழியரும் மாணவரும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அதே மேசையில் இருக்கிறார்கள்.

16. பாதிப் படிப்பில் இருக்கும்போது திடீரென்று கட்டணம் ஏற்றிவிட்டால் என்ன செய்வது?

பெரிய மாற்றங்களில் பொதுவாக ஏற்கெனவே சேர்ந்தவர்களைக் காப்பாற்றும் விதி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச், லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடங்கள் 2025 இலையுதிர் காலம் முதல் வெளிநாட்டிலிருந்து வரும் புது மாணவர்களுக்குக் கட்டணத்தை மூன்று மடங்காக்கி, பருவத்துக்கு 730 பிராங்கிலிருந்து 2,190 ஆக்கின. அப்போது படித்துக்கொண்டிருந்தவர்கள் நடப்புப் பட்டத்தைப் பழைய கட்டணத்திலேயே முடிக்கலாம். அங்கேயே இளநிலையிலிருந்து முதுநிலைக்குப் போகும்போதுதான் புதிய கணக்கு தொடங்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். சேருமுன் பல்கலைக்கழகத்தின் கட்டண ஒழுங்குமுறையில் 'படிப்புக் காலம் முழுவதும்' என்றோ 'ஆண்டுதோறும் மாறக்கூடும்' என்றோ என்ன இருக்கிறது என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் கைகொடுக்காது.